எண்ணூறு சட்டை, நாற்பத்தோரு கழுத்து

சலவைக் கூடத்தில் அவளை எல்லோரும் நூலக்கா என்றுதான் கூப்பிடுவோம். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பள நாளில் கையெழுத்துப் போடும்போது மட்டும் வெளியே வரும். என்னைவிட இரண்டு வயது சின்னவள், ஆனாலும் நானும் அக்கா என்றே சொன்னேன். அவள் பார்வை அப்படி. கொஞ்ச நேரம் நம்மையே பார்த்தாள் என்றால், செய்யாத தப்பையும் ஒத்துக்கொள்ளலாமா என்று தோன்றும்.

அவளைப் பற்றி இப்போது ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். துப்பாக்கி தூக்கினாள் என்கிறான் ஒருவன். படைச் சார்ஜனைக் கன்னத்தில் அறைந்தாள் என்கிறான் இன்னொருவன். எல்லாம் புளுகு. நான் பக்கத்திலேயே இருந்தவன். அவள் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. கன்னத்தில் அறை வாங்கியவன் நான், கொடுத்தவன் சார்ஜன். அதையும் சொல்கிறேன்.

நான் அங்கே இஸ்திரி போடுகிறவன். வெளுத்து, காய்ந்து, நான் இஸ்திரி போட்டு மடித்த சட்டை அவள் மேசைக்குப் போகும். சட்டையின் கீழ் மடிப்பில் அழியாத மையால் ஓர் எண் இருக்கும். அதே எண்ணை ஒரு சின்னத் துணிப்பட்டையில் எழுதி, காலரின் உள்பக்கம் சிவப்பு நூலால் இரண்டே தையல் போட்டு வைப்பாள். பட்டையைப் பார்த்துத்தான் யார் சட்டை யாருக்கு என்று பிரிப்பார்கள். உடுத்துகிற ஆள் அதைப் பிய்த்து எறிந்துவிட வேண்டும். மறந்து போட்டுக்கொண்டால் பின்கழுத்தை அறுத்து எடுத்துவிடும், அரை மணி நேரம் தாங்க முடியாது. அதனால் உடுத்தி அழுக்காகித் திரும்பி வருகிற எந்தச் சட்டையிலும் பட்டை இருக்காது. ஒவ்வொரு வாரமும் புதிதாகத் தைக்க வேண்டும். இருபது வருடத்துக்கு மேலாக அதுதான் அவள் வேலை.

வீட்டில் அவளும் தம்பியும்தான். அப்பா வேலை தேடிப் போனவர், போனவர்தான். அம்மா கண்ணை மூடியபோது இவளுக்குப் பதினைந்து வயது, தம்பிக்கு மூன்று. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே வேலைக்கு வந்தவள். அவன் வளர்ந்து கொத்தனார் ஆனான். நீ முதலில் கல்யாணம் செய்துகொள் என்று அக்காளும் தம்பியும் ஒருவரை ஒருவர் நச்சரித்து, கடைசியில் இரண்டு பேருமே செய்துகொள்ளவில்லை. பயலிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம். யோசனை வந்தால், பயம் வந்தால், சும்மா நின்றால்கூட, தலையைச் சாய்த்துச் சட்டைக் காலரின் இடது முனையைக் கையால் தூக்கி வாயில் வைத்துக் கடிப்பான். அவனுடைய எல்லாச் சட்டையிலும் அந்த முனை எலி கொறித்த மாதிரி இருக்கும். "டேய், காலரைக் கடிக்காதே!" என்று அவள் போடும் அதட்டல் தெருமுனை வரை கேட்கும். அவன் உடனே இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு விறைப்பாக நிற்பான். முப்பது வயதிலும் அப்படித்தான் நின்றான்.

வந்தவங்க வந்து அப்போது ஒன்பதாவது வருடம். அந்தப் படைக்கு ஊரில் வேறு பெயர் கிடையாது, வந்தவங்கதான். கடைவீதியின் அந்தக் கோடியில் இருந்த தானியக் கிடங்கைப் பிடித்துக்கொண்டு, மதிலை உயர்த்தி, தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தின் மேல் காவல் போட்டார்கள். இந்தக் கோடியில் எங்கள் கூடம். ஊர்த் துணியை ஓரமாகத் தள்ளிவிட்டு எங்கள் துணியை வெளு என்றார்கள். வெளுத்தோம்.

முதல் வருடம் அவர்களைப் பார்த்தாலே ஒதுங்கி நிற்போம். நான்கு லாரியில் மூட்டை வரும். இரண்டாயிரத்து நானூறு சட்டை. கூடவே வருகிற சார்ஜன் ஒவ்வொரு சட்டையிலும் பொத்தானை எண்ணுவான். ஒரு தடவை ஒரு பொத்தான் குறைந்தது. எல்லோர் முன்னாலும் என்னை அறைந்தான். இரண்டு நாள் காது ஙொய்யென்று இரைந்தது. அன்றைக்கு அவனுக்குப் பொத்தான் சார்ஜன் என்று பெயர் வைத்தோம், அவன் காதில் விழாமல்.

இவ்வளவு பெரிய படை எப்படித் தேய்ந்தது என்று வெளியூர்க்காரர்கள் இப்போது புத்தகம் புத்தகமாக எழுதுகிறார்களாம். எங்களைக் கேட்டிருந்தால் அழுக்குத் துணியைக் காட்டியே சொல்லியிருப்போம். முதலில் சோப்பு மாறியது. படைக்கு வருகிற நல்ல சோப்பு கடைவீதியில் விற்பனைக்கு வந்தது, எங்களுக்கு நுரைக்காத கட்டி வந்தது. அதிகாரிகளின் கால்சட்டை இடுப்பைப் பிரித்துப் பிரித்து, இனிப் பிரிக்கத் துணியில்லை என்று ஒட்டுப் போட்டார்கள். சிப்பாய்களின் இடுப்போ ஒட்டிக்கொண்டே போனது. பைகளில் வீட்டுக் கடிதம் கிடந்த காலம் போய், வீட்டுக்கு அனுப்பச் சொல்லி எழுதி, கொடுக்கத் துணியாமல் மடித்து வைத்த விண்ணப்பங்கள் கிடந்தன. வேறெங்கோ சண்டை என்று ஒரு லாரி ஆட்கள் போவார்கள், பதிலுக்கு யாரும் வர மாட்டார்கள். மிச்சப் பேரில் பலர் மதில் ஏறிக் கம்பி நீட்டினார்கள். ஓடிப்போனவன் பங்கு ரொட்டியையும் சேர்த்து வாங்கி விற்றுக்கொண்டிருந்த அதிகாரி, ஆள் குறைந்தது என்று மேலே சொல்வானா? அவர்களை யாரும் அடிக்கவில்லை. எங்களுக்குப் பயம், எதையும் கேட்கவில்லை. அவர்களுக்குள்ளும் ஒருவனை ஒருவன் கேட்கவில்லை. கேட்பாரில்லாத வீடு என்ன ஆகுமோ அதுதான் ஆனது.

பொத்தான் சார்ஜனும் மாறினான். நான்கு லாரி ஒரு லாரியானது, அப்புறம் கைவண்டி. பொத்தான் எண்ணுவதை விட்டான். நூலக்காவை முதல் வருடம் 'ஏய்' என்றவன், நான்காம் வருடம் 'ஏம்மா' என்றான், ஒன்பதாம் வருடம் 'அக்கா' என்றான். அந்த 'அக்கா'வைக் காதால் கேட்ட அன்றைக்கே இவர்கள் கதை முடிந்தது என்று நான் குதித்தேன்.

"ரொம்ப ஆடாதே," என்றாள் நூலக்கா. "பயந்துபோயிருக்கான். பயந்தவன் சட்டுனு சுட்டுடுவான்."

ஆனால் மூட்டை மட்டும் ஓர் அளவுக்குமேல் குறையவில்லை. எண்ணூறு சட்டைக்குக் கீழே எந்த வாரமும் இறங்கவில்லை. எல்லாவற்றையும் தெருவைப் பார்த்த கொடிகளில்தான் காயப்போட வேண்டும் என்று உத்தரவு வேறு. கடைவீதிக்கு வருகிற ஒவ்வொருவர் கண்ணிலும் அது பட்டுக்கொண்டே இருக்கும். எண்ணூறு சட்டை காற்றில் கையை வீசிக்கொண்டு நிற்கும்போது எவனுக்கு எதிர்த்து நிற்கத் துணிச்சல் வரும்?

நூலக்காதான் கண்டுபிடித்தாள். அழுக்கு மூட்டையைப் பிரித்தால், போன வாரம் அவள் தைத்த பட்டை அப்படியே இருக்கிறது. ஒன்றிரண்டில் இல்லை, எழுநூற்றுச் சொச்சம் சட்டைகளில். வேர்வை வாடை இல்லை, காலரில் கறை இல்லை. யாரும் உடுத்தாத சட்டைகளைத் திரும்பத் திரும்ப வெளுக்க அனுப்பி, ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பழைய படையாக இருந்தால் பட்டையைப் பிய்த்துவிட்டு அனுப்பியிருக்கும். இப்போது அதைச் செய்யச் சொல்ல ஒருவனுக்கும் தோன்றவில்லை, சொன்னாலும் உட்கார்ந்து எழுநூறு பட்டை பிய்க்க ஆளில்லை.

ஓர் ஆளிடமிருந்து வாரத்துக்கு ஒரு சட்டைதான் எங்களுக்கு வரும். பட்டை இல்லாத சட்டைகளை மட்டும் நூலக்கா எண்ணினாள். நாற்பத்தொன்று. மூன்று வாரம் எண்ணினாள். மூன்று வாரமும் நாற்பத்தொன்று. எண்ணூறு பேருக்குப் பயந்து ஊரே மூச்சு விடாமல் கிடக்க, உள்ளே இருந்தது நாற்பத்தோரு கழுத்து.

அதை அவள் என்னிடமும், அடுத்த பட்டறை லாரி மெக்கானிக்கிடமும்தான் சொன்னாள். வந்தவங்களின் வண்டிகளைப் பழுது பார்த்தவர் மெக்கானிக். "பத்துல ரெண்டுதான் ஓடுது. மிச்சத்தைக் கழுவிக் கழுவி நிறுத்தி வெச்சிருக்காங்க," என்றார் அவர். அவரிடம் வேட்டைத் துப்பாக்கியோடு ஐந்து பேர் இருந்தார்கள், அவரையும் சேர்த்தால் ஆறு. ஒன்பது வருடம் பொறுத்தவர்கள் இன்னும் கொஞ்சம் பொறுத்திருப்பார்கள். அதற்குள் அது நடந்தது.

பாலத்தடியில் கூட்டம் போட்டார்கள் என்று பன்னிரண்டு பேரைப் பிடித்துக் கிடங்குக்குள் அடைத்தார்கள். கூட்டமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பாலத்தில் பெயர்ந்த கல்லைப் பூசிக்கொண்டிருந்த வேலையாட்கள். அதில் நூலக்காவின் தம்பியும் ஒருவன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை லாரி வந்து வடக்கே கொண்டுபோகும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். வடக்கே போன யாரும் இதுவரை ஒரு கடிதம் போட்டதில்லை. நூலக்கா அழவில்லை. சாப்பிடவும் இல்லை. ஊசியில் நூல் கோக்க நான்கைந்து தடவை ஆனது.

மெக்கானிக் முடிவு செய்துவிட்டார். வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணி மில் சங்கு ஊதியதும், கோபுரத்தின் மேல் நிற்கும் காவலாட்களை ஆறு மாடிகளிலிருந்து சுட்டு வீழ்த்துவது, பிறகு வாசலை உடைப்பது. நாற்பத்தோரு பேர்தானே என்ற தைரியம். அந்தத் தைரியத்தைக் கொடுத்தவள் நூலக்கா.

திங்கட்கிழமை மூட்டை வந்தது. எண்ணினாள். ஐம்பத்து மூன்று.

மெக்கானிக் முகம் கறுத்துப்போனது. "புதுசா பன்னெண்டு பேரை இறக்கியிருக்காங்க. கோபுரத்தைப் பாருங்க, முந்தின வாரம் வரைக்கும் ரெண்டு பேர் நின்ன இடத்துல வரிசையா நிக்கிறாங்க. அவங்களைத்தான் முதல்ல முடிக்கணும்."

பன்னிரண்டு என்ற எண் எங்கள் மூன்று பேர் காதிலும் விழுந்தது. ஒருவருக்கும் உறைக்கவில்லை. அதை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இப்போதும் இருக்கிறது.

வியாழக்கிழமை காலை பதினொன்றே கால். ஐந்து பேரும் அவரவர் மாடிக்கு ஏறிவிட்டார்கள். நான் இஸ்திரி போட்ட சட்டைக்கே மறுபடி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். நூலக்கா பட்டை தைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்திவிட்டாள்.

"இங்க வா. இதைப் பாரு."

காக்கிச் சட்டை. காலரின் இடது முனை நைந்து கிடந்தது.

"கிழிஞ்சிருக்கு. ஒட்டுப் போட்டா போச்சு," என்றேன்.

"கிழியலை," என்றாள். "கடிச்சிருக்கு."

என் இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் அழுந்தியும் பல் பதிந்த தடம் போகவில்லை. அந்தச் சட்டை என் கை வழியாகத்தான் போயிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. அவள் அதை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"புது ஆள் ஒருத்தனும் வரலை. மேல நிக்கிறது நம்ம பன்னெண்டு பேரு. லாரி வர்ற வரைக்கும் உபயோகப்படட்டும்னு சட்டையை மாட்டி நிக்க வெச்சிருக்காங்க."

ஓடிப்போய் மெக்கானிக்கை இழுத்து வந்தேன். அவர் அப்போதுதான் தன் மாடிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சட்டையை வாங்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார்.

"அக்கா, காலர் கடிக்கிறவன் உலகத்துல உங்க தம்பி ஒருத்தன்தானா? அவங்க ஆளும் எவனாவது கடிச்சிருப்பான்."

"அவன் பல்லு எனக்குத் தெரியும்."

"உங்களுக்குத் தெரியும். நான் எதை வெச்சு நிறுத்தறது? இன்னைக்கு விட்டா நாளைக்கு லாரி வந்துடும். அப்புறம் உங்க தம்பியும் இல்ல, யாரும் இல்ல. தொப்பியும் வெயிலுமா முகம் வேற தெரியலை."

"நீ கண்ணால பார்த்தா நம்புவியா?"

"பார்த்தா நம்புவேன். நான் சுடலேன்னா மத்தவங்களும் சுட மாட்டாங்க. முதல் வெடி என்னோடதுதான். ஆனா சங்கு ஊதறவரைக்கும்தான் நேரம், அக்கா."

அவர் போனார். நூலக்கா முடிந்தது, முடியாதது எல்லாச் சட்டையையும் அள்ளித் தள்ளுவண்டியில் போட்டாள். நான் பின்னால் தள்ளினேன், அவள் முன்னால் இழுத்தாள். கடைவீதி முழுக்கப் பகல் வியாபாரம். எதிரில் வந்தவர்களெல்லாம் வழி விட்டார்கள். சட்டையைக் கொண்டுபோக எப்போதும் சார்ஜன்தான் வருவான், நாங்களாக அந்த வாசலுக்குப் போனதே கிடையாது. ஒவ்வொரு கடையாகப் பேச்சு நின்றது. வண்டிச் சக்கரம் கிறீச்சிடுவது மட்டும் கேட்டது. ஆறு துப்பாக்கிகளில் மூன்று என் தலைக்கு மேலேதான் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். முதுகு கூசியது.

வாசலில் பொத்தான் சார்ஜன் தனியாக நின்றான். முன்பு அங்கே எட்டுப் பேர் நிற்பார்கள்.

"என்ன அக்கா இது? நாளைக்கு நான் வந்து எடுத்துக்க மாட்டேனா?"

"சீக்கிரம் முடிஞ்சிடுச்சு. கொண்டுவந்தேன்."

"சரி, வெச்சிட்டுப் போங்க."

"பொத்தான் எண்ணிக்குங்க. அப்புறம் குறையுதுன்னு எங்க ஆளை அடிப்பீங்க."

அவன் என்னைப் பார்த்தான். எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. அவன் அலுத்துக்கொண்டே ஒரு சட்டையை எடுத்து எண்ணத் தொடங்கினான். அவளுக்கு வேண்டியது நேரம். கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலே பன்னிரண்டு பேர் கம்பம் நட்டதுபோல நின்றார்கள். ஒரு கையில் துப்பாக்கி, தலையில் தொப்பி, முகத்தில் நிழல். அவர்களுக்குப் பின்னால் ஒருவன் மட்டும் உட்கார்ந்திருந்தான், மடியில் துப்பாக்கி, குழல் பன்னிரண்டு முதுகையும் பார்த்து. அதைப் பார்த்ததும்தான் எனக்கும் முழுக்க விளங்கியது. ஆனால் மாடியிலிருக்கும் மெக்கானிக்குக்கு அந்த ஆள் தெரிவானா? தெரிய மாட்டான், அவர் பக்கத்தில் சுவர் மறைக்கும்.

என் கைக்கடிகாரத்தில் பதினொன்று ஐம்பத்து ஐந்து. ஒருவனும் அசையவில்லை. ஐம்பத்து ஆறு. சங்கு ஊத ஆரம்பித்துவிட்டால் அந்தச் சத்தத்தில் இவள் கத்தினாலும் கேட்காது. "கத்திடலாம் அக்கா," என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவன் கடிக்காத நேரத்தில் கத்தினால் மெக்கானிக் எதைப் பார்ப்பார்? ஐம்பத்து ஏழு. சார்ஜன் ஐந்தாவது சட்டையை எடுத்தான்.

"இதுல பட்டையே இல்லையே," என்றான்.

வலது கோடியிலிருந்து மூன்றாவது ஆள், தலையை இடது பக்கம் சாய்த்தான். துப்பாக்கி இல்லாத கை மெதுவாகக் கழுத்துக்குப் போனது.

"டேய்! காலரைக் கடிக்காதேன்னு எத்தனை தடவைடா சொல்றது!"

அவளிடம் அவ்வளவு பெரிய குரலை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. கடைவீதியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை போனது. மேலே இருந்தவன் சட்டென்று விறைத்தான். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். இரண்டு கையும் பின்னால் போனால் துப்பாக்கி எங்கே நிற்கும்? கோபுரத்திலிருந்து உருண்டு, ஏணியில் மோதி, மதிலைத் தாண்டி எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. விழுந்ததும் இரண்டாக உடைந்தது. குண்டு போடும் இடத்தில் ஒன்றுமே இல்லை. வெறும் கட்டையும் குழலும்.

பிறகு காய்கறிக் கடையிலிருந்து ஒரு பெண் சிரித்தாள். அக்கா அதட்டியதும் துப்பாக்கியைக் கீழே போட்ட காவல்காரனை அந்தத் தெருவில் தெரியாதவர் யார்? "அது கொத்தனாருடா!" என்று ஒருவன் கத்தினான். "என் மருமகனும் மேலதான் இருக்கான்!" என்று இன்னொருத்தி மார்பில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். சங்கு ஊதியது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அது ஊதி ஓய்கிற வரைக்கும் ஒரு வெடிச் சத்தமும் இல்லை. கண்ணைத் திறந்தபோது கடைவீதியே வாசல் முன்னால் நின்றது.

கோபுரத்தில் உட்கார்ந்திருந்த சிப்பாய் எழுந்து எட்டிப் பார்த்தான். துப்பாக்கியை உயர்த்தினான். எத்தனை பேரைச் சுடுவது என்று யோசித்திருப்பான் போல. திரும்ப உட்கார்ந்து, அதைத் தரையில் வைத்துவிட்டான்.

நூலக்கா சார்ஜனிடம் திரும்பினாள். "உள்ள நாற்பத்தோரு பேருதானே?"

அவன் கையில் இன்னும் அந்தச் சட்டை இருந்தது. மறுக்கப் போகிறான் என்று நினைத்தேன்.

"முப்பத்தாறு," என்றான். "நேத்து அஞ்சு பேர் பின்சுவர் ஏறிப் போயிட்டாங்க, அக்கா."

சொன்ன பிறகு அவன் தோள் இறங்கியதைப் பார்த்தேன். ஒன்பது வருடத்தில் அவன் யாரிடமாவது உண்மையைச் சொன்ன முதல் தடவை அதுவாகத்தான் இருக்கும். இடுப்பிலிருந்த சாவிக் கொத்தை எடுத்து வண்டியின் மேல் வைத்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்தான்.

"சாதாரணச் சட்டை ஒண்ணு கிடைக்குமா அக்கா?"

அவள் என்னைப் பார்த்தாள். கொடுக்க எனக்கு மனமே இல்லை. ஆனால் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கூடத்துக்கு ஓடி, யாரும் வாங்கிப்போகாமல் கிடந்த ஊர்ச் சட்டை ஒன்றை எடுத்து வந்தேன். அவன் அதைப் போட்டுக்கொண்டான். நடுவில் ஒரு பொத்தான் இல்லை. இரண்டு தடவை விரலால் தேடிவிட்டு, ஆற்றுப் பக்கமாக நடந்து போனான்.

அந்தச் சாவியால் வாசலைத் திறந்தோம், உள்ளே மிச்சமிருந்தவர்கள் யாரும் தடுக்க வரவில்லை. பன்னிரண்டு பேரும் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். தம்பி கடைசிக்கு முன்னால் வந்தான். முகம் பாதியாகிப் போயிருந்தது, உதடு வெடித்திருந்தது. அக்காளைப் பார்த்ததும் அடி வாங்கப் போகிறவன் மாதிரி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அவள் கிட்டே போய் அந்தக் கைகளைப் பிரித்தாள். ஈரமாகக் கிடந்த காலர் முனையை எடுத்து அவன் விரலில் கொடுத்தாள். அதுவரைக்கும் அழாதவள் அப்போது அழுதாள்.

"கடிச்சுக்கோடா," என்றாள்.